உப்பும் நல்லமிளகும்

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவில் தேர் போன பிறகு அந்தத் தெருவில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்குத் தெரியும், உள்ளங்காலில் உப்பு குத்தும். கல்லுப்பு. அதோடு நல்லமிளகும் உருளும். மிளகு என்று மொட்டையாகச் சொன்னால் எங்கள் பக்கத்து அடுக்களையில் வத்தலை எடுத்து நீட்டிவிடுவார்கள் என்பதால் முன்னால் ஒரு 'நல்ல' போட்டுக்கொள்வோம். நேர்ந்துகொண்டவர்கள் தேருக்குப் போடுவது இந்த இரண்டும்தான். தேருக்குப் பின்னால் ஈரத்துணியோடு விழுந்து எழுந்து கும்பிடு நமஸ்காரம் செய்துகொண்டு வருகிறவர்களின் முழங்கையிலும் கன்னத்திலும் அந்த உப்பு ஒட்டியிருக்கும்.

எனக்கு ஏழெட்டு வயதில் வலது கையில் பாலுண்ணி வந்தது. ஒன்று நாலாகி, நாலு பத்தாகி, எழுதும்போது சிலேட்டில் உரசும். நாட்டு மருந்து போட்டுப் பார்த்தார்கள், குதிரைவால் முடியால் கட்டிப் பார்த்தார்கள். கடைசியில் ஆச்சி சவேரியாருக்கு நேர்ந்துகொண்டாள். ஆச்சி காலையில் குளிக்காமல் பச்சைத்தண்ணி குடிக்காதவள், வெள்ளிக்கிழமை தவறாமல் நாகராஜா கோயிலுக்குப் போகிறவள். டிசம்பர் 3 எங்கள் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, முந்தியில் உப்பும் நல்லமிளகும் முடிந்துகொண்டு கிளம்பினாள்.

"ஆச்சி, இது வேதக்கோயில்லா?"

"ஆமா."

"வெள்ளக்காரச் சாமில்லா?"

"வெள்ளக்காரருதான் மக்ளே. ஆனா தமிழ் தெரியும்."

அந்தப் பதில் அன்றைக்கு எனக்குப் போதுமானதாக இருந்தது. பாலுண்ணி போயிற்றா என்று கேட்பார்கள். போயிற்று. பாலுண்ணி தானாகவும் போகும் என்று பிற்பாடு படித்தேன். ஆச்சியிடம் நான் அதைச் சொல்லவில்லை.

சவேரியாருக்குத் தெரிந்த தமிழைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1542 மே மாதம் கோவாவில் வந்து இறங்கியவர், அந்த ஆண்டு கடைசியிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். ஸ்பெயினின் நவார்ரா பக்கம் பிறந்தவர், தாய்மொழி பாஸ்க். அவர்களுக்குத் தாய்மொழி மலபார், எனக்கோ பாஸ்க், ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியவில்லை என்று தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். மலபார் என்று அவர் குறித்தது தமிழை. இரண்டு மொழியும் அரைகுறையாகத் தெரிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து, செபங்களைத் தமிழாக்கி, ஒலியை மட்டும் எழுதிவைத்து மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

ஒன்றரை வருடம் கழித்துத்தான் ஒரு தப்பு தெரியவந்தது. விசுவாசப் பிரமாணத்தில் 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று போட்டிருக்கிறார்கள். ஆண்டவனை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாக, கடற்கரை முழுக்கப் பிள்ளைகள் ஆண்டவன் வேணும், ஆண்டவன் வேணும் என்று ஓதிக்கொண்டிருந்தார்கள். 1544இல் சவேரியார் தன் கூட்டாளி மான்சிலாசுக்கு எழுதினார்: இனிமேல் 'வேணும்' என்று சொல்லிக்கொடுக்காதே, 'விசுவாசம்' என்று மாற்று.

திருத்தம் ஏட்டில் ஏறிவிட்டது. தெருவில் ஏறியதா என்று எனக்குச் சந்தேகம். கோட்டாறுக்கு நடந்து வருகிற கூட்டத்தைப் பார்த்தால் பழைய பாடமே இன்னும் ஓடுகிறது என்று தோன்றும். பிள்ளை வேணும், வெளிநாட்டு விசா வேணும், கடலுக்குப் போனவன் திரும்பி வரவேணும். கேட்ட வரம் தரும் சவேரியார் என்றுதான் ஊரில் பேச்சு. கேட்கிறவன் என்ன வேதம், என்ன சாதி என்று உப்பை வாங்குகிறவர் பார்ப்பதில்லை. நம்புகிறவர்களாக வரச்சொன்னால் பாதிக்கூட்டம் வாசலோடு நின்றிருக்கும். வேணும் என்று வந்ததால் ஆச்சியும் உள்ளே போனாள். ஒரு மொழிபெயர்ப்புப் பிழை இத்தனை பெரிய வாசலைத் திறந்து வைக்கும் என்று அந்தப் பாஸ்க்காரர் நினைத்திருக்க மாட்டார்.

கோட்டாறில் கடல் கிடையாது. பள்ளம், இராஜாக்கமங்கலம் பக்கத்திலிருந்து நடந்து வந்தால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஆனால் கடற்கரையின் சந்தை இங்கேதான். மீன் கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் ஓட்டமும் நடையுமாக வருவார்கள். திரும்பும்போது அரிசியும் மரச்சீனியும் கருப்பட்டியும் போகும். தாலமி எழுதிவைத்த கொட்டியாரா இந்த ஊர்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வதால் பழைய ஊர் என்ற பெருமை எங்களுக்கு உண்டு. பக்கத்து நாகராஜா கோயில் தூணில் மகாவீரரும் பார்சுவநாதரும் இருக்கிறார்கள். தொட்டடுத்த இடலாக்குடி, சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த ஊர். சந்தை ஊருக்கு ஒரு குணம் உண்டு. யார் வந்தாலும் கடை போட இடம் கொடுக்கும். ஆனால் இன்னார் இன்ன மூலையில் என்று முதல் நாளே கணக்கும் வைத்துக்கொள்ளும்.

சவேரியார் கோட்டாறுக்கு வந்த கதை எல்லாருக்கும் தெரியும். வடுகர் படை வந்தது, அவர் சிலுவையைத் தூக்கிப் பிடித்தார், படை பின்வாங்கியது, வேணாட்டு அரசர் மகிழ்ந்து 'வலிய பாதிரி' என்று கூப்பிட்டு இடம் கொடுத்தார். கோயிலில் படமாகவே இருக்கும். எனக்கு அதைவிட அவர் 1544 ஜூனில் எழுதிய கடிதம் பிடிக்கும். குமரிமுனைக் கிறிஸ்தவர்கள் வடுகர் படைக்குப் பயந்து கடல் நடுப்பாறைகளில் ஏறிப் பசியும் தாகமுமாகக் கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளோடு கிளம்பினார். எதிர்காற்று விடவில்லை. முனையை எட்ட முடியாமல் திரும்பிவிட்டார். படையை நிறுத்திய கையால் காற்றை நிறுத்த முடியவில்லை. அந்த வருடக் கடைசியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் முக்குவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே எழுதுகிறார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1530களில், கிழக்குக்கரைப் பரதவர் சேர்ந்திருந்தார்கள். ஞானத்தகப்பன்களாக நின்ற போர்ச்சுகீசியரின் குடும்பப் பெயர்கள் அவர்களோடு ஒட்டிக்கொண்டன. அதனால்தான் வெயிலில் கறுத்த முதுகோடு வலை பொத்துகிறவர் இன்றைக்கும் பெர்னாந்து, ரொட்ரிகோ.

அந்தப் போர்ச்சுகீசியர் நமக்கு நிறையச் சொற்களைத் தந்துவிட்டுப் போனார்கள். பாதிரி, குருசு, சாவி, சன்னல், மேசை, அலமாரி. பதிலுக்கு, இங்கே கண்ட ஒன்றுக்குத் தங்கள் சொல்லை வைத்தார்கள்: 'காஸ்தா'. வித்து, கால்வழி, இனம் என்று பொருள். குதிரையின் ரகத்துக்கும் அதே சொல், மனிதனின் குலத்துக்கும் அதே சொல். அதிலிருந்துதான் ஆங்கிலத்தின் 'காஸ்ட்' வந்தது. வெளியூர்க்காரன் நம் தெருவைப் பார்த்ததும் ஐரோப்பாவில் இனத்தை நினைத்த அதே மூளையால் நினைத்திருக்கிறான். பெரிதாகத் தப்பவில்லை என்பதுதான் சங்கடம்.

இப்போது சவேரியார் கோயிலுக்குள் கிடக்கிற இன்னொருவரிடம் வருகிறேன்.

நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23இல் பிறந்த நீலகண்டன், பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம் பார்த்த நாயர். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா டச்சுப் படையை முறியடித்தபோது பிடிபட்டவர்களில் டிலனாய் ஒருவர். கைதியாக வந்தவர் அரசரின் படைக்கே தளபதியானார். உதயகிரிக் கோட்டையில் லத்தீனும் தமிழும் வெட்டிய கல்லின் கீழ் கிடக்கிறார். மாடு கன்று சாவதும் பயிர் போவதுமாக மனம் உடைந்திருந்த நீலகண்டனுக்கு டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. அரண்மனை அதிகாரிக்குத் திருவிதாங்கூர் மண்ணில் ஞானஸ்நானம் கொடுத்தால் விவகாரமாகும் என்று எல்லைக்கு அப்பால் வடக்கன்குளத்துக்கு அனுப்பினார்கள். 1745 மே 14இல் புத்தாரி என்ற இயேசு சபைக் குரு தலையில் தண்ணீர் ஊற்றி லாசர் என்று பெயரிட்டார். தமிழில் தேவசகாயம். மனைவி பார்கவி ஞானப்பூ ஆனாள்.

அதன் பிறகு அவர் செய்ததில் மற்றவர்களுக்குப் பொறுக்காத காரியம் ஒன்று உண்டு. யாரோடு உட்காரக்கூடாதோ அவர்களோடு உட்கார்ந்தார், சாப்பிட்டார். 1749இல் பிடித்தார்கள். எருக்கம்பூ மாலை போட்டு எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்துக்கு முட்டியால் பாறையை இடித்தார், தண்ணீர் வந்தது என்று இன்றும் முட்டிடிச்சான் பாறையைக் காட்டுவார்கள். 1752 ஜனவரி 14 இரவு ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். நாற்பது வயது நிறையவில்லை. காட்டில் கிடந்த எலும்புகளைப் பொறுக்கிவந்து கோட்டாறு கோயிலில் பீடத்துக்கு முன்னால் புதைத்தார்கள். மதத்துக்காகத்தான் கொன்றார்கள் என்பதை ஒப்பாத வரலாற்றாசிரியர்களும் உண்டு. 2012இல் அந்த வாதம் மறுபடி சூடாக நடந்தது. ஆனால் 1756லேயே கொச்சி ஆயர் ரோமுக்கு அனுப்பிய அறிக்கையில் இந்தச் சாவு பதிவாகியிருக்கிறது.

எருமையில் ஏற்றுவது எங்கள் நாட்டில் பழைய தண்டனை. உயிரை எடுப்பதற்கு முன்னால் சாதியை எடுப்பது அதன் நோக்கம். தேவசகாயம் விஷயத்தில் அது வேடிக்கையாகிவிட்டது. எதை உரிக்க நினைத்தார்களோ அதை அந்த ஆள் நாலு வருடத்துக்கு முன்பே கழற்றி வடக்கன்குளத்தில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

வடக்கன்குளத்துக்கே பிற்பாடு வந்த கதி தெரியுமா? 1872இல் அங்கே கட்டிய கோயிலில் பீடம் ஒன்று, அதைப் பார்த்து வரும் மண்டபங்கள் இரண்டு. ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார். ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் பூசை காணலாம். கால்சட்டைக் கோயில் என்று கேலியாகச் சொல்வதுண்டு. 1910இல் கௌசானல் என்ற பிரெஞ்சுக் குருவின் காலத்தில் இடைச்சுவரை இடித்தார்கள். வெள்ளாளர் வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். சாதி கழன்று விழுந்த ஊரிலேயே சாதிக்குச் சுவர் வைத்துப் பூசியிருக்கிறார்கள். சுவர் வைத்தவர்களுக்குத் தேவசகாயத்தின் கதை தெரியாமலிருந்திருக்காது. பாடியிருப்பார்கள், நாடகம் போட்டிருப்பார்கள். தேவசகாயம் பிள்ளை நாடகம்.

பெயரைக் கவனியுங்கள். புத்தாரி வைத்த பெயர் தேவசகாயம் மட்டும். 'பிள்ளை'யை இழுத்து ஒட்டவைத்தது பிறகு வந்த நாம்தான். சும்மா ஒட்டவைக்கவில்லை, அதில் ஒரு கணக்கு இருந்தது. மீன் பிடிக்கிறவன், பனையேறுகிறவன் மட்டுமில்லை, அரண்மனைப் பிள்ளையே வந்தார் பார் என்று சொல்ல அது வேண்டியிருந்தது. வந்தவர் விட்டுவிட்டு வந்ததையே அவருடைய பெருமையாக்கினோம். திருவிதாங்கூரில் பிள்ளை என்பது அரசர் கொடுத்த பட்டம், சாதிப் பெயரே இல்லை என்றும் ஒரு வாதம் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்தப் பட்டம் எந்தத் தெருவுக்கு வந்தது, எந்தத் தெருவுக்கு வரவில்லை என்று கேட்டால் வாதம் முடிந்துபோகும்.

2012 டிசம்பர் 2இல் நாகர்கோவில் கார்மல் பள்ளி மைதானத்தில் கர்தினால் ஆஞ்செலோ அமாத்தோ அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். மறுநாள் சவேரியார் திருநாள். பந்தலைப் பிரிப்பதற்குள் தேர். அதன் பிறகுதான் பெயர்ச்சண்டை. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.ஜி. தேவசகாயம், சாதிக்கு எதிராக நின்றவரின் பெயரில் சாதி வால் எதற்கு என்று ரோமுக்கு எழுதினார். அவரும் அதே பெயர்க்காரர், வால் இல்லாமல். 2020இல் வத்திக்கான் பிள்ளையை எடுத்துவிட்டது. 2022 மே 15இல் போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தபோது வாசித்தது தேவசகாயம் என்று மட்டும். துறவியோ குருவோ அல்லாத முதல் இந்தியப் புனிதர்.

எடுத்தது சரிதான் என்பது என் கட்சி. ஆனால் இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. என் அப்பாவின் கையெழுத்தில் பிள்ளை நீளமாக வால் சுழித்து நிற்கும். நான் கல்லூரியில் சேர்ந்தபோது போடவில்லை. பெரிய தியாகம் என்று அப்போது நினைப்பு. என் ஊரையும் அப்பா பெயரையும் சொன்னால் போதும், எதிரே இருப்பவர் மனசுக்குள் அந்த வாலைத் தானே எழுதிக்கொள்வார். வாடகைக்கு வீடு உடனே கிடைக்கும். கழற்றின சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. குளிர்ந்தால் போட்டுக்கொள்ளலாம். தேவசகாயத்துக்கு அந்த ஆணி இல்லை.

கடற்கரைக்காரரான என் நண்பர் ஒருவரோடு இதைப் பேசிக்கொண்டிருந்தேன். கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிறவர். சிரித்தார்.

"பேரத்தானே எடுத்தாங்க? ஞாயிற்றுக்கெழம பூசையில கல்யாண ஓல வாசிப்பாங்கல்லா, ஒரு வருஷம் உக்காந்து கேளும். மாப்ள எந்தப் பங்கு, பொண்ணு எந்தப் பங்குன்னு மட்டும் குறிச்சு வையும். பொறவு பேசுவோம்."

குறித்து வைக்க வேண்டிய தேவையே இல்லை. இந்த மாவட்டத்தில் பங்கின் பெயரைச் சொன்னால் பாதி சொன்ன மாதிரி. கடற்கரைப் பங்கில் முக்குவரும் பரதவரும், உள்நாட்டுப் பங்கில் பெரும்பாலும் நாடார். 1930 மே 26இல் கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து கோட்டாறைப் பிரித்தபோது மொழி காரணமாக நின்றது. தமிழ் பேசும் தென் தாலுகாக்களை ஒன்றாக்கி, லாரன்ஸ் பெரைராவை முதல் ஆயராக்கினார்கள். அரசாங்கம் ஏறக்குறைய அதே கோட்டைப் போட 1956 நவம்பர் 1 வரை ஆயிற்று. ஆனால் 2014இல் கோட்டாறிலிருந்து குழித்துறை பிரிந்தபோது டீக்கடையில் யாரும் மொழியைப் பேசவில்லை. அடுத்த ஆயர் யார் என்று பேச்சு வந்தால் இரண்டாவது கேள்வி, "ஆளு நம்மாளா?" அதை மறைத்துப் பேசுகிற நாகரிகம்கூட எங்களுக்கு வரவில்லை. வந்திருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்குமோ என்னவோ.

இதையெல்லாம் பார்த்து, உப்பு போடுகிறபோது ஒன்று, ஓலை வாசிக்கிறபோது வேறு, எல்லாம் நடிப்பு என்று முடித்துவிடலாம். எனக்கு மனசு வரவில்லை. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே கலவரம் வந்தது. துப்பாக்கிச்சூடு, எரிந்த வீடுகள். அந்த வருடம் எங்கள் தெருவில் மீன்காரி வந்தால் கதவைச் சாத்தினவர்கள் உண்டு. டிசம்பரில் அப்பா ஆச்சியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இந்த வருஷம் சவேரியார் கோயிலுக்குப் போகவேண்டாம் என்று. ஆச்சி எதிர்த்துப் பேசவில்லை. போகவும் இல்லை. போனாள் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் புறவாசலில், முப்பது வருடமாக எங்களுக்கு மீன் தருகிற அம்மாள் கடவத்தை இறக்கி வைத்தபோது, ஆச்சி ஒரு பொட்டலத்தைக் கொடுத்ததை நான் பார்த்தேன். செய்தித்தாளில் மடித்தது. அந்த அம்மாள் என்ன ஏதென்று கேட்கவில்லை. முகர்ந்து பார்த்தாள், மடியில் கட்டிக்கொண்டாள். காசு கொடுத்ததற்குச் சில்லறை தரும்போது, "எந்தப் பிள்ளைக்காக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

"சின்னவளுக்கு. பிரசவம் நெருங்குது."

"செரி, நான் போட்டுருதேன்."

அவ்வளவுதான் பேச்சு. புறவாசலைத் தாண்டி அந்த அம்மாளை ஆச்சி ஒருநாளும் உள்ளே கூப்பிட்டதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உப்புப் பொட்டலத்தையும் அந்த வாசற்படியையும் ஒன்றை விட்டு ஒன்றைச் சொன்னால் ஆச்சியைச் சொன்னதாக ஆகாது. கோட்டாறைச் சொன்னதாகவும் ஆகாது.

போன திருவிழா முடிந்த மறுநாள் போயிருந்தேன். கூட்டம் வடிந்திருந்தது. இரவு மழை பெய்து தெருவில் உப்பெல்லாம் கரைந்து மிளகு மட்டும் ஓடை ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. உள்ளே தேவசகாயத்தின் கல்லறைப் பக்கம் இரண்டு பேர் முழங்காலிலிருந்தார்கள். ஒருத்தி நெற்றியில் குங்குமம். பெயர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். கூட்டிக்கொண்டிருந்த ஆளும் நான் பார்ப்பதைப் பார்த்தார். அறுபது வயதிருக்கும், மடித்துக் கட்டிய வேட்டி, ஈர்க்குவாரியல். விளக்கு ஏற்றுவது, மணி அடிப்பது, கூட்டுவது, கதவடைப்பது எல்லாம் அவர்தான். எங்கள் பக்கத்தில் அந்த வேலை செய்கிறவருக்குக் கோயில்பிள்ளை என்று பெயர். எந்தத் தெருவில் பிறந்தவரானாலும் அதே பெயர்தான், எத்தனையோ தலைமுறையாக.

தூண் ஓரத்தில் காய்ந்த இடமாகக் கிடந்த உப்பை அவர் வாரியலால் ஒதுக்கினார். குங்குமக்காரி தலையைத் திருப்பினாள்.

"கோயில்பிள்ளே, கதவ அடைக்கப்போறியளா?"

"இல்லம்மா. நீங்க கும்பிடுங்க" என்றுவிட்டு, உப்பை முறத்தில் அள்ளிக்கொண்டு வெளியே போனார்.